மாமனார் பேரரசர்

கி.மு. 401. பாபிலோனுக்கு அருகே குனாக்சாவில் அண்ணனும் தம்பியும் மோதிய போர் முடிந்திருந்தது. பாரசீகப் பேரரசர் இரண்டாம் அர்தசெர்க்சஸ் வென்றார். அரியணைக்கு ஆசைப்பட்ட தம்பி சைரஸ் களத்திலேயே மாண்டார். சைரஸுக்காகக் கூலிக்குப் போரிட வந்த கிரேக்க வீரர்கள் ஊர் திரும்பும் வழியில், பக்கத்தில் இன்னொரு படையும் நடந்தது. அதன் தலைவர் ஒரோன்டஸ். அவர் மணமுடித்து அழைத்துச் சென்றது பேரரசரின் மகளை. அந்தக் கிரேக்கர்களில் ஒருவரான செனபோன் இதை எழுதி வைத்திருக்கிறார்.

ஒரோன்டஸ் அர்மேனியாவின் 'சத்ரப்', அதாவது மாகாண ஆளுநர். நாட்டைக் காப்பவர் என்பது அச்சொல்லின் பொருள். பிற்காலத்தில் குஜராத்தையும் மாளவத்தையும் ஆண்ட க்ஷத்ரபர்களின் பட்டமும் இதே சொல்தான்.

வரி வசூல், நீதி, படை திரட்டல் எல்லாம் சத்ரப் கையில். தலைநகரமோ பல வாரப் பயணத் தொலைவில். இப்படிப்பட்டவர் எந்த நேரமும் தனி அரசராகிவிடலாம். அவரைக் கட்டிப்போட அர்தசெர்க்சஸ் எடுத்த கயிறு, தன் மகள்கள். ரோடோகுனே ஒரோன்டஸுக்கு, அபாமா பர்னபாஸஸுக்கு, அமெஸ்ட்ரிஸ் டிரிபாஸஸுக்கு என்று வாக்குக் கொடுத்தார் என்கிறார் பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க்.

முதல் இரண்டு திருமணங்களும் நடந்தன. மூன்றாவது நடக்கவில்லை. டிரிபாஸஸ் சாதாரண ஆள் அல்ல. அவர் உடனிருந்தால் பேரரசரைக் குதிரையில் ஏற்றிவிடும் உரிமை வேறு யாருக்கும் கிடையாது. அத்தனை நெருக்கமானவருக்குச் சொன்ன பெண்ணை அர்தசெர்க்சஸ் தானே மணந்துகொண்டார். ஈடாக அடோசாவைத் தருவதாகச் சொன்னார். அந்த மகளையும் தானே மணந்தார். மனம் வெந்த டிரிபாஸஸ், பட்டத்து இளவரசர் டேரியஸைத் தந்தைக்கு எதிராகத் தூண்டினார். சதி வெளிப்பட்டு இருவருமே உயிரிழந்தார்கள். இந்தக் கதையில் மிகவும் உறுத்துவது அந்தப் பெண்களின் மௌனம். அவர்கள் என்ன நினைத்தார்கள் என்று எழுதி வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

பெண் கிடைத்த ஒரோன்டஸாவது விசுவாசமாக இருந்தாரா? அந்தச் சதிக்கு முன்பே, சைப்ரஸ் போரில் டிரிபாஸஸ் மீது அவர் சுமத்திய பழி விசாரணையில் பொய்யென்று தெரிந்து, அரச தயவை இழந்தார். கி.மு. 360களில் மேற்கு மாகாணங்களின் சத்ரப்கள் கலகம் செய்தபோது அவரையே தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். 20,000 கூலிப்படையினருக்கான ஓராண்டுச் சம்பளமும் அவர் கைக்கு வந்தது. அவரோ பணத்தைக் கொண்டுவந்தவர்களைப் பிடித்துப் பேரரசரிடமே அனுப்பிவிட்டார் என்கிறார் பண்டைய வரலாற்றாசிரியர் டியோடோரஸ். மாமனாரை எதிர்த்த மருமகன், கடைசியில் கூட்டாளிகளையும் கைவிட்டார்.

ஆனால் ஒரோன்டஸின் அந்தத் திருமணத்தின் மதிப்பு குறையவே இல்லை. சுமார் 300 ஆண்டுகளுக்குப் பிறகு, இன்றைய துருக்கியின் நெம்ருத் மலையில், 2,100 மீட்டருக்கும் மேலான உயரத்தில், கொம்மகேனே நாட்டு அரசர் முதலாம் ஆன்டியோகஸ் தன் முன்னோருக்குக் கல் நட்டார். தந்தை வழி வரிசை பேரரசர் முதலாம் டேரியஸில் தொடங்குகிறது. ஒரோன்டஸின் கல்லில், அவர் அர்தசெர்க்சஸின் மகள் ரோடோகுனேயை மணந்தவர் என்று பொறித்திருக்கிறார்கள்.