மந்தாரக்குப்பத்தின் மார்ச் 17: கைபேசித் தலைமுறைக்கு எப்படிச் சொல்வது?

2023 ஜூலை கடைசியில், பரவனாற்றுக்கு மாற்று வாய்க்கால் வெட்டுவதற்காக வளையமாதேவி நெல்வயலில் என்.எல்.சி.யின் பொக்லைன்கள் இறங்கியதைத் தமிழ்நாடே பார்த்தது. பயிர் அழிந்த காட்சி கண்ணீரை வரவழைத்ததாக நீதிபதி எம். தண்டபாணி உயர் நீதிமன்றத்திலேயே சொன்னார். ஜூலை 28 அன்று நெய்வேலியில் பா.ம.க. நடத்திய முற்றுகை, கல்வீச்சு, கண்ணீர்ப்புகை எல்லாமே படமாக இருக்கின்றன.

2014 மார்ச் 17 அப்படி இல்லை. மந்தாரக்குப்பத்தை ஒட்டிய என்.எல்.சி. இரண்டாம் சுரங்க வாசலில், மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை வீரர் சுட்டதில் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் இறந்தார். கொதித்துத் திரண்டவர்கள்மீது தடியடி நடந்தது. அன்று பால்வாடியில் இருந்த பிள்ளைகள் இன்று பெரிய வகுப்புக்கு வந்துவிட்டார்கள். அவர்களுக்கு இதை யார் சொல்வார்கள்?

நடந்து முடிந்ததை இன்றைய தலைமுறைக்குச் சொல்வதற்கு முன்மாதிரிகள் உண்டு. ரஷ்யப் பத்திரிகையாளர் மிகயீல் ஸிகாரின் குழு 1917 புரட்சியைச் சமூக ஊடகப் பக்கத்தின் வடிவில் சொன்னது. நூறு ஆண்டுக்கு முன் அதே தேதியில் ஒருவர் எழுதியது, அன்றன்று அவருடைய பதிவாக வரும். நாட்குறிப்பு, கடிதம், பத்திரிகை ஆகியவற்றில் இருந்ததே பதிவானது. கற்பனை வசனத்துக்கு இடமில்லை. கொழும்பின் கிரவுண்ட்வியூஸ் தளம், இலங்கைத் தமிழர்மீதான 1983 கறுப்பு ஜூலை வன்முறையின் 30ஆம் ஆண்டான 2013இல், அந்த நாட்களை ஒளிப்படங்களாலும் குரல்பதிவுகளாலும் திரும்பச் சொன்னது.

நம் கடலூர் மாவட்டத்திலேயே சிதம்பரம் இருக்கிறது. 1965 ஜனவரி 27 அன்று இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சுடப்பட்டு இறந்த அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரனுக்கு அங்கே சிலை உண்டு. ஆனால், கூட நின்றவர்கள் இன்று எண்பதைத் தொட்டிருப்பார்கள். அவர்களுடைய குரல்களைப் பதிவு செய்ய இனி அதிகக் காலம் இல்லை. மந்தாரக்குப்பத்துக்கு அந்த நெருக்கடி இல்லை. சாட்சிகள் பலர் நடுவயதில் இருப்பார்கள்.

இப்படிப் பதிவு செய்யும் வேலையில் நுணுக்கம் தேவை. வாட்ஸ்அப் வழியாக வரும் படத்தில், எடுத்த நேரமும் இடமும் பற்றிய விவரம் பொதுவாக உதிர்ந்துவிடும். அதனால் எடுத்தவரிடமே அசல் கோப்பைக் கேட்டு வாங்க வேண்டும். யார், எங்கே நின்று எடுத்தது என்பதை உடனே எழுதி வைக்க வேண்டும். அடிபட்டவரின் சொல்லும் காவலரின் சொல்லும் நீதிமன்ற ஆவணமும் அருகருகே வரட்டும். இன்றும் ஒப்பந்தத்தில் வேலை செய்பவர் பேசினால், அவர் சம்மதிக்காமல் பெயரோ முகமோ வெளியே போகக் கூடாது. அந்த வேலைதான் அவருடைய சோறு. படம் இல்லாத இடத்தைச் செய்யறிவுப் படத்தால் நிரப்புவதை நான் அடியோடு எதிர்க்கிறேன். ஒரு பொய்ப்படம் கலந்துவிட்டால் உண்மைப் படங்களையும் ஊர் நம்பாது.

2014இல் வைத்திருந்த பழைய கைபேசி உங்கள் பீரோவில் கிடந்தால், பழைய இரும்புக்கடைக்குப் போடுமுன் அதன் மெமரி கார்டைக் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள்.