காயங்களைக் கணக்கெடுப்போர்

வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் ஓடும் இரத்தம் ஏறத்தாழ 5 லிட்டர். ஒரு சிறு குடத்தில் அடங்கிவிடக்கூடிய அளவுதான். தொடையில் ஓடும் பெரிய தமனி அறுபட்டுவிட்டால், சில நிமிடங்களுக்குள்ளேயே உயிர் போகும் அளவுக்கு இரத்தம் வெளியேறிவிடும். மருத்துவர் வரும்வரை காத்திருக்க நேரம் இராது. அப்படியானால் என்ன செய்வது? காயத்துக்கு மேலே ஒரு பட்டையை இறுகக் கட்டித் தமனியை நெரித்துவிட்டால் இரத்தம் நின்றுவிடுமே என்று நீங்கள் சொல்லலாம். சரியான விடைதான். ஆனால் 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் முதலுதவிப் பாடங்கள் இதைக் கடைசி முயற்சியாக மட்டுமே அனுமதித்தன. 'கட்டினால் கையோ காலோ போய்விடும்' என்ற அச்சமே அதற்குக் காரணம்.

இந்த அச்சம் எவ்வளவு தூரம் உண்மை? இதற்கு விடை கிடைத்தது நுண்ணோக்கியின் கீழ் அன்று. மருத்துவக் கோப்புகளின் பக்கங்களில். காயம்பட்ட ஒவ்வொருவரின் குறிப்பையும் படித்து, அதிலிருந்து எண்களைத் திரட்டிய ஆய்வு உதவியாளர்களின் பொறுமை அதற்குப் பின்னால் இருக்கிறது. இராணுவ மருத்துவத்தில் காய ஆய்வு என்பது எப்படி நடைபெறுகிறது, அதில் ஆய்வு உதவியாளரின் வேலை என்ன என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

பழைய அச்சம்

இரத்தப் பெருக்கை நிறுத்தக் கட்டும் பட்டைக்கு டூர்னிக்கெட் என்று பெயர். இதை நாம் இறுக்குப் பட்டை என்று சொல்லலாம். 1718ஆம் ஆண்டில் ஜான் லூயி பெத்தி என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர் திருகாணியால் இறுக்கும் பட்டை ஒன்றை அமைத்தார். அறுவைக் கூடத்தில் அது பெரிதும் பயன்பட்டது. ஆனால் போர்க்களத்தில் அதற்குக் கெட்ட பெயரே மிஞ்சியது.

அதற்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. பட்டை கட்டிய இடத்துக்குக் கீழே இரத்தம் போவதில்லை. இரத்தம் இல்லையேல் உயிர்வளி இல்லை. பொதுவாக 2 மணி நேரம்வரை தசைகள் இதைத் தாங்கிக்கொள்ளும். அதற்கு மேல் நேரம் கூடக் கூட அவை அழியத் தொடங்கும். முதல் உலகப் போரில் காயம்பட்டவர் மருத்துவமனை சேரவே பல மணி நேரம் ஆயிற்று. மேலும், இறுக்கம் போதாவிட்டால் இன்னொரு தொல்லை. மேற்புறத்துச் சிரைகள் மட்டும் அடைபடும்; ஆழத்திலுள்ள தமனி திறந்தே இருக்கும். இரத்தம் உள்ளே வரும், திரும்பிப் போக வழியிராது. எனவே பெருக்கு நிற்பதற்குப் பதில் அதிகமாகும். இவற்றையெல்லாம் கண்ட மருத்துவர்கள் பட்டையையே குறை கூறியதில் வியப்பில்லை.

ஆனால் இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பட்டையால் கால் இழந்தவர் மருத்துவமனையில் இருப்பார். மருத்துவர் அவரைத் தம் கண்ணாலேயே பார்ப்பார். பட்டை இல்லாததால் இறந்தவரோ மருத்துவமனைக்கே வந்திருக்க மாட்டார். கண்ணில் படும் தீங்கு மனத்தில் பதியும். கண்ணில் படாத தீங்கு கணக்கில் சேராது. இந்தக் குறையை நீக்க ஒரே வழி, இறந்தவர்களையும் சேர்த்து எண்ணுவதுதான்.

இறந்தவர்கள் சொன்ன பாடம்

வியட்நாம் போரின்போது இவ்வேலை முறையாக நடைபெற்றது. 1967 முதல் 1969 வரை ஓர் அமெரிக்க ஆய்வுக் குழு ஏறத்தாழ 8,000 பேரின் காயங்களைப் பற்றிய விவரங்களைத் திரட்டியது. போர்க்களத்தில் இறந்த 2,600 வீரர்களை ஆராய்ந்து 1970இல் வெளிவந்த மற்றொரு கட்டுரை, அவர்களுள் 193 பேர் கை அல்லது கால் காயத்தில் இரத்தம் வடிந்தே இறந்தனர் என்று காட்டியது. இது 7.4 விழுக்காடு. எளிய பட்டை ஒன்று இவர்களுள் பலரைக் காப்பாற்றியிருக்கக் கூடும்.

எண்கள் அச்சில் ஏறிவிட்டன. ஆயினும் வழக்கம் உடனே மாறவில்லை. 1996இல் ஃபிராங்க் பட்லர் என்ற கடற்படை மருத்துவரும் அவருடைய துணை ஆசிரியர்களும், போர்க்களத்தில் கை கால்களிலிருந்து பெருகும் இரத்தத்தை நிறுத்த இறுக்குப் பட்டையையே முதலில் பயன்படுத்தலாம் என்று எழுதினர். 2005ஆம் ஆண்டையொட்டி, ஒரு கையாலேயே கட்டி, சிறு தடியைச் சுழற்றி இறுக்கக்கூடிய பட்டை அமெரிக்க வீரர்களுக்குப் பரவலாக வழங்கப்பட்டது. இனி எழுந்த கேள்வி இதுதான்: இது உண்மையில் உயிரைக் காக்கிறதா? காலைப் பறிக்கிறதா?

கோப்பு எண்ணாகும் விதம்

இதற்கு விடை காணப் பதிவேடு வேண்டும். டெக்சாஸ் மாநிலத்தின் சான் அந்தோனியோ நகரில் உள்ள இராணுவ அறுவை ஆய்வு நிலையம், ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் நடந்த போர்களின்போது இத்தகைய காயப் பதிவேடு ஒன்றைப் பேணியது. அத்தகைய பதிவேட்டில் பணிபுரிவோரின் மேசையில் அறுவைக் கத்தி இராது. கோப்புகளும், கணிப்பொறியும், தடித்த குறியீட்டுக் கையேடும்தான் இருக்கும்.

ஒரு கோப்பில் என்னென்ன இருக்கும்? களத்தில் முதலுதவி செய்தவர் அவசரமாகக் கிறுக்கிய அட்டை, விமானத்தில் எடுத்த நாடித் துடிப்புக் குறிப்பு, அறுவைக் கூடக் குறிப்பு, எக்ஸ்ரே அறிக்கை, இறந்திருந்தால் பிரேதப் பரிசோதனை அறிக்கை. இவை ஒவ்வொன்றும் ஒரே காயத்தைப் பற்றிப் பேசினாலும் ஒரே சொல்லில் பேசுவதில்லை. 'கால் பலத்த சேதம்' என்கிறார் ஒருவர். 'முழங்காலுக்குக் கீழ்த் துண்டிப்பு' என்கிறார் மற்றொருவர். இவற்றை ஒரு பொது மொழிக்குக் கொண்டுவருவதே உதவியாளரின் முதல் வேலை.

அந்தப் பொது மொழிதான் சுருக்கக் காய அளவுகோல். 1971இல் முதன்முதலாக வெளியிடப்பட்ட இது, கார் விபத்துக் காயங்களை அளக்கத் தோன்றியது. ஒவ்வொரு காயத்துக்கும் 1 முதல் 6 வரை ஓர் எண். 1 என்பது சிறு காயம். 6 என்பது பிழைக்க முடியாதது. ஒருவருக்குப் பல காயங்கள் இருந்தால் என்ன செய்வது? 1974இல் சூசன் பேக்கரும் அவருடைய குழுவினரும் ஒரு வழி கூறினர். உடலை ஆறு பகுதிகளாகப் பிரித்து, மிகக் கடுமையாகக் காயமுற்ற மூன்று பகுதிகளின் எண்களை எடுத்து, அவற்றின் வர்க்கங்களைக் கூட்ட வேண்டும். தலைக்கு 3, மார்புக்கு 4, காலுக்கு 5 என்றால், 9, 16, 25 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 50. இதுவே காயக் கடுமை எண். இதன் உச்ச அளவு 75.

இம்முறையிலும் ஒரு குறை உண்டு. ஒரு பகுதிக்கு ஓர் எண்தான் கணக்கில் சேரும். கண்ணிவெடியில் இரு கால்களையும் இழந்தவருக்கு ஒரு காலுக்கு உரிய மதிப்பே கிடைக்கும்! எனவே 1997இல், எந்தப் பகுதியாயினும் மிகக் கடுமையான மூன்று காயங்களையே எடுத்துக்கொள்ளும் புதிய முறை வந்தது. அளவுகோலும் ஒரு கருவிதான். அதன் குறையை அறிந்தே அதைக் கையாள வேண்டும்.

'இல்லை'யும் 'தெரியாது'ம்

உதவியாளரின் வேலையில் மிகக் கடினமானது எது தெரியுமா? வெற்றுக் கட்டங்கள்தாம். 'இறுக்குப் பட்டை கட்டப்பட்டதா?' என்ற கட்டம் நிரப்பப்படாமல் இருக்கிறது. கட்டவில்லை என்று பொருளா? கட்டியும் எழுத நேரமில்லாமல் போயிற்றா? குண்டு பாயும் இடத்தில் பேனாவைத் தேடுவார் யார்? இங்கே 'இல்லை' என்று எழுதிவிட்டால், பட்டையால் பிழைத்த ஒருவர் பட்டையின்றிப் பிழைத்தவராக மாறிவிடுவார். இப்படிப் பத்துக் கோப்புகளில் நடந்தால் முடிவே திரும்பிவிடும். 'தெரியாது' என்று எழுதுவதே நேர்மை. ஊகித்து நிரப்புவதைவிட வெற்றிடத்தை வெற்றிடமாகவே விடுவது அறிவியலுக்குச் செய்யும் பெரிய உதவி.

எனவேதான் ஒரே கோப்பை இருவர் தனித்தனியே படித்துக் குறியிட்டு ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் உண்டு. பெயரும் அடையாளமும் நீக்கப்பட்ட பின்னரே விவரங்கள் ஆய்வுக்குப் போகின்றன. அறநெறிக் குழுவின் ஒப்புதலும் தேவை. இன்னொன்றும் உண்டு. இருபது வயது இளைஞர்களின் பிரேதப் பரிசோதனை அறிக்கைகளை நாள் முழுவதும் படிப்பது எளிதன்று. கோப்பில் எண்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு வீடு இருக்கிறது என்பதைப் படிப்பவர் மறக்க முடியாது.

வெற்றுக் கட்டத்தைக் குறைக்க வழி, களத்திலேயே எழுதச் செய்வதுதான். அமெரிக்காவின் 75ஆவது ரேஞ்சர் படைப்பிரிவு இதைச் செய்து காட்டியது. ஒவ்வொரு வீரருக்கும் முதலுதவி கற்பித்து, காயம்பட்டவருக்கு என்ன செய்யப்பட்டது என்பதை எளிய அட்டையில் எழுதச் செய்து, தனிப் பதிவேடு வைத்தது. 2001 அக்டோபர் முதல் 2010 மார்ச் வரை அதன் வீரர்களுக்கு ஏற்பட்ட 419 பாதிப்புகளில் 32 மரணங்கள். மருத்துவமனைக்கு முந்தைய கட்டத்தில் தடுத்திருக்கக் கூடிய மரணம் அவற்றுள் ஒன்றுகூட இல்லை. கட்டப்பட்ட பட்டைகளில் கணிசமானவற்றைக் கட்டியவர்கள் மருத்துவப் பணியாளர் அல்லாத சக வீரர்களே.

பாக்தாதில் ஒரு கணக்கு

2006இல் பாக்தாதில் இருந்த அமெரிக்க இராணுவ மருத்துவமனையில் ஜான் கிராக் என்ற எலும்பு மருத்துவரும் உடன் பணியாற்றியோரும் 7 மாதங்கள் இதை ஆராய்ந்தனர். 232 பேருக்கு, காயமுற்ற 309 கை கால்களில், 428 பட்டைகள் கட்டப்பட்டிருந்தன. 31 பேர் இறந்தனர், மற்றவர் பிழைத்தனர்.

இரத்தம் வெகுவாக இழந்து உடல் தளர்ந்து போகும் நிலைக்கு ஷாக் என்று பெயர். அந்நிலை வருமுன் பட்டை கட்டப்பட்டவர்களுள் 90 விழுக்காட்டினர் பிழைத்தனர். வந்தபின் கட்டப்பட்டவர்களுள் 10 விழுக்காட்டினரே பிழைத்தனர். பட்டை தேவைப்பட்டும் கட்டப்படாத 5 பேர் இருந்தனர். ஐவரும் இறந்தனர். பட்டையால் மட்டும் கை கால் இழந்தவர் எவருமில்லை. பட்டை கட்டிய இடத்தில் நரம்புத் தளர்ச்சி கண்டவர் 4 பேர், அதுவும் தற்காலிகமானதே. பல்லாண்டுக் கால அச்சம் இக்கணக்கின் முன் நிற்க முடியவில்லை. நோயாளி விரைவில் மருத்துவமனை சேர்ந்ததும், பட்டை நன்கு அமைந்திருந்ததும் இதற்குத் துணை செய்தன என்பதையும் நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

ஒப்பிடுவதில் எச்சரிக்கை

இங்கே கூர்மையான மாணவர் ஒரு கேள்வி எழுப்பலாம். 'முன்னதாகக் கட்டப்பட்டவர்கள் இலேசான காயம் பட்டவர்களாக இருந்தால்?' நல்ல கேள்வி. சீட்டுப் போட்டுச் சிலருக்குக் கட்டி, சிலருக்குக் கட்டாமல் விடுவது அறமாகாது. எனவே கடுமையை எண்ணால் அளந்து ஒப்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை. காயக் கடுமை எண்ணின் பயன் இங்கேதான் விளங்குகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. ஆப்கானிஸ்தானில் இருந்த பாஸ்டியன் முகாம் மருத்துவமனையில் 2009, 2010 ஆண்டுகளில் இரத்தம் ஏற்றப்பட்ட 896 பேரின் குறிப்புகள் ஆராயப்பட்டன. அவர்களுள் 293 பேருக்கு, இரத்தக் கட்டி கரையாமல் காக்கும் டிரானெக்சாமிக் அமிலம் என்ற மருந்து தரப்பட்டிருந்தது. மருந்து பெற்றவர்களில் 17.4 விழுக்காட்டினரும், பெறாதவர்களில் 23.9 விழுக்காட்டினரும் இறந்தனர். காயக் கடுமை எண்ணின் சராசரியோ மருந்து பெற்றவர்களுக்கு 25.2, பெறாதவர்களுக்கு 22.5. அதாவது, அதிகக் காயம் பட்டவர்களே அதிகமாகப் பிழைத்தனர்! கடுமை எண்ணைக் குறித்து வைக்காமல் இருந்திருந்தால் இம்முடிவின் வலிமை தெரிந்திராது.

எஞ்சியுள்ள வேலை

2012இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, 2001 முதல் 2011 வரை போர்க்களக் காயங்களால் இறந்த 4,596 அமெரிக்க வீரர்களின் குறிப்புகளை எடுத்துக்கொண்டது. கை கால் இரத்தப் பெருக்கால் நேர்ந்த மரணங்கள், பட்டை பரவுமுன் ஆண்டுக்கு 23.3 ஆக இருந்தவை, 2011 வாக்கில் 3.5 ஆகக் குறைந்தன என்று அது காட்டியது. அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. மருத்துவமனை சேருமுன் இறந்தவர்களுள் 976 பேர் பிழைத்திருக்கக் கூடியவர்கள், அவர்களுள் 90.9 விழுக்காட்டினரைக் கொன்றது இரத்த இழப்பு. அதிலும் மூன்றில் இரு பங்கு மார்பு, வயிறு ஆகிய உடற்பகுதிகளில் நேர்ந்தது. அங்கே பட்டை கட்ட முடியாது. ஆகவே அடுத்த ஆய்வு எங்கே தொடங்க வேண்டும் என்பதையும் அந்தப் பழைய கோப்புகளே சுட்டின.

இப்பாடம் இன்று போர்க்களத்தைத் தாண்டி வந்துவிட்டது. 2015இல் அமெரிக்காவில் பொதுமக்களுக்கு இரத்தப் பெருக்கை நிறுத்தக் கற்பிக்கும் இயக்கம் தொடங்கப்பட்டது. சாலை விபத்தைக் காணும் நமக்கும் இது பயன்படும். பெரும்பாலான காயங்களுக்குத் தூய துணியை வைத்துக் கையால் அழுத்திப் பிடிப்பதே போதும். அதற்கும் நிற்காமல் கையிலோ காலிலோ இரத்தம் பீறிட்டால் மட்டுமே பட்டை. அது அகலமாக இருக்க வேண்டும். மெல்லிய கயிறு நரம்பைக் கெடுக்கும். மூட்டின் மேல் கட்டக் கூடாது. கட்டிய நேரத்தை எழுதி வைக்க வேண்டும். மருத்துவமனை சேரும்வரை அடிக்கடி தளர்த்திப் பார்க்கவும் கூடாது. மற்றொன்று: பாம்புக் கடிக்கு இவ்வாறு இறுகக் கட்டுவது தீங்கே விளைவிக்கும்.

கட்டிய நேரத்தை எழுதச் சொல்வது ஏன் என்பது இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். அந்த நேரம் மருத்துவருக்கு உடனே பயன்படும். பின்னொரு நாளில், எங்கோ ஒரு மேசையில் அமர்ந்து கோப்பைப் புரட்டும் ஆய்வு உதவியாளருக்கு அது ஒரு கட்டத்தை நிரப்பித் தரும். அந்த ஒரு கட்டம், அவர் ஒருபோதும் காணப்போகாத ஒருவரின் உயிரைக் காக்கலாம்.