கடைசிப் பக்கத்துல கோட்டை விடாதீங்க... அசைன்மென்ட் அடிக்குறிப்பு, நூற்பட்டியல் எழுதுவது எப்படி?

நாளைக்குக் காலையில சப்மிஷன். மணி இரவு 11. எழுதி முடிச்சாச்சு, ஸ்பைரல் பைண்டிங் கடைக்காரருக்கும் சொல்லியாச்சு. மிச்சம் இருப்பது 'ரெஃபரன்ஸ்' பக்கம் மட்டும்தான். உடனே பிரவுசரில் திறந்திருக்கும் லிங்க்கை எல்லாம் காப்பி பண்ணி வரிசையா ஒட்டிட்டு, 'விக்கிபீடியா, கூகுள்' என்று முடித்துவிடுவோம். நம்மில் பலர் இதைச் செய்தவர்கள்தான். நானும்தான்!

டிப்ளமோ படித்தபோது வைவாவில், "இந்தப் புள்ளிவிவரம் எங்கே இருந்து எடுத்தது?" என்று கேட்டார்கள். படித்தது ஞாபகம் இருந்தது. எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்பது சுத்தமா ஞாபகம் இல்லை. உண்மையாகவே தேடி எடுத்த தகவல், அந்த நிமிடத்தில் நானே அடித்துவிட்டது போல ஆகிவிட்டது. ஒரு அடிக்குறிப்பு இருந்திருந்தால் தப்பித்திருப்பேன்.

அடிக்குறிப்பு வேறு, நூற்பட்டியல் வேறு

ஒரு வரியையோ தகவலையோ எங்கிருந்து எடுத்தீர்கள் என்று அந்தப் பக்கத்தின் கீழேயே, பக்க எண்ணோடு சொல்வது அடிக்குறிப்பு. பயன்படுத்திய நூல்களை எல்லாம் கடைசியில் அகர வரிசையில் தருவது நூற்பட்டியல். இதில் 'ரெஃபரன்சஸ்' என்று தலைப்பு போட்டால், உள்ளே மேற்கோள் காட்டியவை மட்டும்தான் வரணும். 'பிப்ளியோகிராஃபி' என்றால், படித்துப் பயன்பெற்ற மற்ற நூல்களையும் சேர்க்கலாம்.

எந்த ஸ்டைல்?

உளவியல், கல்வியியல் துறைகளில் பெரும்பாலும் ஏ.பி.ஏ. ஆங்கில இலக்கியம் என்றால் எம்.எல்.ஏ (சட்டமன்ற உறுப்பினர் இல்லைங்க!). இன்ஜினீயரிங்கில் சதுர அடைப்புக்குள் எண் போடும் ஐ.இ.இ.இ. வரலாற்றுத் துறையில் அடிக்குறிப்போடு வரும் சிகாகோ. உ.வே.சா-வின் 'என் சரித்திரம்' நூலை எடுத்துக்கொள்வோம்.

ஏ.பி.ஏ: சாமிநாதையர், உ.வே. (ஆண்டு). என் சரித்திரம். பதிப்பகம்.

எம்.எல்.ஏ: சாமிநாதையர், உ.வே. என் சரித்திரம். பதிப்பகம், ஆண்டு.

வித்தியாசம் புரியுதா? ஏ.பி.ஏ-வில் ஆண்டு முன்னால் வரும், எம்.எல்.ஏ-வில் கடைசியில். ஆண்டு என்பது உங்கள் கையில் இருக்கும் பதிப்பின் ஆண்டு. பதிப்பு மாறினால் பக்க எண்ணும் மாறிவிடும் என்பதால் இது முக்கியம். எந்த ஸ்டைல் என்று முதலில் உங்கள் கைடிடம் கேளுங்கள். ஒன்றைப் பிடித்தால் கடைசி வரை அதே ஒன்றுதான். பாதி இது, பாதி அது என்றால் மார்க் போகும்.

'மேலது' ஜாக்கிரதை!

தமிழ்த்துறை மாணவர்களுக்கு இது ஸ்பெஷல். ஒரே நூலை அடுத்தடுத்து குறிப்பிடும்போது 'மேலது, ப.52' என்று போடுவோம். கடைசி நேரத்தில் நடுவில் வேறொரு நூலின் அடிக்குறிப்பைச் செருகினால், அந்த 'மேலது' இப்போது தப்பான நூலைக் காட்டும். அதனால், எழுதும்போது முழு விவரத்தையே போட்டுக்கொண்டே போங்கள். எல்லாம் முடிந்த பிறகு 'மேலது'வாக மாற்றலாம்.

எண்களைக் கையால் டைப் செய்யவும் வேண்டாம். எம்.எஸ் வேர்டு, கூகுள் டாக்ஸ் இரண்டிலும் கன்ட்ரோல், ஆல்ட், எஃப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அடிக்குறிப்பு ரெடி. நடுவில் ஒன்று சேர்ந்தாலும் எண்கள் தானே மாறிக்கொள்ளும். கூகுள் ஸ்காலரில் ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே உள்ள மேற்கோள் குறியைத் தட்டினால், ஏ.பி.ஏ, எம்.எல்.ஏ வடிவங்களில் விவரம் கிடைக்கும். நிறைய நூல்கள் என்றால், இலவச மென்பொருளான ஜொட்டேரோ கைகொடுக்கும். எதுவானாலும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

ஏ.ஐ கொடுத்தால்?

2023-ல், நியூயார்க் நீதிமன்றத்தில் சாட்ஜிபிடி உருவாக்கிய, இல்லவே இல்லாத வழக்குகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. வக்கீலுக்கே அந்த நிலைமை! நீங்கள் திறந்து பார்க்காத எதையும் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

மார்க்குக்கு மட்டும் இல்லை

நாளைக்கு பிஹெச்.டி வரை போகிறீர்களா? யு.ஜி.சி-யின் 2018 விதிமுறைகளின்படி, ஆய்வேட்டில் 10 சதவிகிதத்துக்கு மேல் காப்பி இருந்தால் திருத்தி எழுதணும். 60 சதவிகிதத்தைத் தாண்டினால் பதிவே ரத்து. முறையாக மேற்கோள் காட்டிய பகுதிகள் இந்தக் கணக்கில் வராது. அந்தப் பழக்கத்தை இப்போதைய அசைன்மென்ட்டிலேயே ஆரம்பித்துவிடலாமே.

அதனால், அடுத்த முறை லைப்ரரியில் புத்தகத்தைத் திறந்ததும் முதல் வேலையாக, தலைப்புப் பக்கத்தையும் பதிப்பு விவரம் இருக்கும் பக்கத்தையும் போனில் போட்டோ எடுத்துவிடுங்கள். குறிப்பு எடுக்கும்போதே பக்க எண்ணையும் எழுதிவையுங்கள். சப்மிஷனுக்கு முந்தைய இரவு, நிம்மதியா தூங்கலாம்!