‘கோ அண்ட் கெட்’டா... ‘கோ கெட்’டா... எது சரி?

‘போய்ப் பால் எடுத்துட்டு வா’ என்பதை ‘கோ அண்ட் கெட் தி மில்க்’ என்று பள்ளியில் படித்திருப்போம். ஹாலிவுட் படங்களிலோ ‘கோ கெட் தி மில்க்’ என்கிறார்கள். நடுவில் இருந்த ‘அண்ட்’ எங்கே போச்சு?

இரண்டுமே சரிதான். பிரிட்டிஷ்காரர்கள் பெரும்பாலும் ‘அண்ட்’ சேர்த்துப் பேசுவார்கள். அமெரிக்கர்கள் பேச்சில் அதை விட்டுவிடுவது சகஜம்.

ஆனால், இந்தச் சலுகை ‘கோ’ உருமாறாமல் நிற்கும்வரைதான். ‘போய் எடுத்து வந்தேன்’ என்று கடந்த காலத்தில் சொல்ல, அமெரிக்கருக்கும் ‘ஐ வென்ட் அண்ட் காட் இட்’தான். ‘ஐ வென்ட் காட் இட்’ என்றால் தப்பு. ‘ஷி கோஸ் கெட்ஸ்’ என்பதும் அப்படியே.

இன்னொரு சுவாரஸ்யம்... ‘ஹி வென்ட் அண்ட் டோல்ட் ஹெர்’ என்றால், அவர் எங்கேயும் நடந்து போயிருக்க வேண்டியதில்லை. ‘அவகிட்ட போய்ச் சொல்லிட்டானே!’ என்று நாம் சலித்துக்கொள்வோமே, அதே சலிப்பு அதில் இருக்கலாம்.

எனவே, பரீட்சையிலும் வேலைக்கான விண்ணப்பத்திலும் ‘அண்ட்’டோடு எழுதுவதே நல்லது. பேச்சில் யாராவது ‘கோ கெட்’ என்றால், திருத்தப் போய்விடாதீர்கள்!