இயந்திரம் படிக்கும் விண்ணப்பம்

உத்தியோகம் வேண்டி ஒருவர் அனுப்பும் தன்விவரக் குறிப்பை முதலில் படிப்பவர் யார்? ஸ்தாபனத்தின் மேலாளர் என்றோ, அவரது காரியாலயத்தில் தபால்களைப் பிரிக்கும் எழுத்தர் என்றோ நாம் எண்ணிக் கொண்டிருக்கிறோம். ஆனால் இன்று பெரிய ஸ்தாபனங்கள் பலவற்றில் அதனை முதலில் படிப்பது கணிப்பொறியில் இயங்கும் ஒரு மென்பொருளேயாகும். அது விண்ணப்பங்களைப் பெற்று, பகுத்து, வரிசைப்படுத்தி வைக்கிறது. அதன் பின்னரே மனிதக் கண் அவற்றின்மேல் விழுகிறது.

இம்மென்பொருளின் இயல்பை அறியாமையால், நல்ல தொழிற்பயிற்சி பெற்ற இளைஞர்களும் மறுமொழி வராமல் மனம் சோர்கின்றனர். தமக்குத் தகுதியில்லை என்றே முடிவு கட்டிக்கொள்கின்றனர். உண்மையில் அவர்களது தகுதியை எவரும் ஆராயாமலே இருந்திருக்கவும் கூடும். இளைஞர்களுக்கு வழிகாட்டும் ஆசிரியர்களும் கள ஊழியர்களும் இதன் அடிப்படைகளை அறிந்திருத்தல் நலம்.

எவ்வாறு தோன்றியது?

1990-ஆம் ஆண்டுகளில், காகிதத்தில் வந்த விண்ணப்பங்களை ஒளிவருடியின் மூலம் கணிப்பொறியில் ஏற்றி, வேண்டிய சொற்களைக்கொண்டு தேடும் முறை அமெரிக்காவில் பரவியது. பின்னர் இணையத்தின் வழியாகவே விண்ணப்பிக்கும் வழக்கம் வந்தது. இந்தியாவில் நௌக்ரி என்னும் வேலைவாய்ப்பு இணையதளம் 1997-ஆம் ஆண்டிலும், மத்திய அரசின் தேசிய வேலைவாய்ப்புச் சேவை இணையதளம் 2015-ஆம் ஆண்டிலும் தொடங்கப்பெற்றன. விண்ணப்பிப்பது எளிதாயிற்று, எனவே விண்ணப்பங்கள் பெருகின. பெருகியவற்றைக் கையாள இயந்திரத்தின் துணை இன்றியமையாததாயிற்று.

படிக்கும் முறை

இம்மென்பொருளின் வேலையை நான்கு படிகளாகப் பிரிக்கலாம். முதலாவது, கோப்பிலிருந்து எழுத்துக்களை மட்டும் பிரித்தெடுத்தல். பக்கத்தின் அழகு, வண்ணம், கோடுகள் ஆகியவை இங்கேயே உதிர்ந்துவிடுகின்றன. இரண்டாவது, கல்வி, அனுபவம், திறன்கள் முதலிய தலைப்புக்களைக் கண்டு, குறிப்பைப் பகுதிகளாகப் பிரித்தல். மூன்றாவது, பெயர், தொலைபேசி எண், பயின்ற நிலையம், பணியாற்றிய காலம் ஆகியவற்றைப் பொறுக்கியெடுத்து, அதனதற்குரிய கட்டத்தில் நிரப்புதல். நான்காவது, இவ்வாறு நிரம்பிய கட்டங்களை வேலை விளம்பரத்தில் கண்ட தேவைகளோடு ஒப்பிடுதல்.

முதல் மூன்று படிகளில் பிழை நேர்ந்தால் நான்காவது படியில் நீதி கிடைப்பது அரிது. ஒப்பிடப்படுவது மனிதரல்லர், கட்டங்களில் நிரம்பியிருக்கும் சொற்களே. இந்த ஒன்றை மனத்திற்கொண்டால் மற்றவை எல்லாம் எளிதில் விளங்கும்.

நான்கில் மூன்று விண்ணப்பங்களை மென்பொருள் தானாகவே தள்ளிவிடுகிறது என்றொரு செய்தி பரவலாக வழங்கி வருகிறது. அதனை மெய்ப்பிக்கும் ஆராய்ச்சி எதுவும் காட்டப்படவில்லை. நேரடியாகத் தள்ளப்படுதல் பெரும்பாலும், “இன்ன உரிமச் சான்று உண்டா?”, “இன்ன ஊரில் பணிபுரிய இயலுமா?” என்பன போன்ற கட்டாயக் கேள்விகளுக்கு அளிக்கும் விடையினால் நிகழ்கிறது. ஏனைய விண்ணப்பங்கள் கிடங்கில் தங்குகின்றன. அலுவலர் தேடும்போது மேலே வருபவை படிக்கப்படுகின்றன. அடியில் கிடப்பவை கிடந்தவாறே இருக்கின்றன.

ஓர் அனுபவம்

என் உறவினர் ஒருவரின் மகள் தொழிற்பயிற்சி நிலையத்தில் இரண்டாண்டு எலக்ட்ரீசியன் பயிற்சியை முடித்து, ஒரு நூற்பாலையில் ஓராண்டு பயிலுநராகவும் இருந்தவள். பல இடங்களுக்கு விண்ணப்பித்தும் மறுமொழி இல்லை. அவளது குறிப்பைப் பார்த்தேன். கண்ணுக்கு மிக அழகாகவே இருந்தது. பக்கம் இரண்டு பத்திகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. இடப்புறம் திறன்களும் மொழிகளும். வலப்புறம் கல்வியும் பயிற்சியும். பெயரும் தொலைபேசி எண்ணும் மேலே வண்ணப் படம் ஒன்றினுள் பொறிக்கப்பட்டிருந்தன. திறன்களின் அளவு நட்சத்திரங்களால் காட்டப்பட்டிருந்தது.

அக்கோப்பிலுள்ள அனைத்தையும் நகலெடுத்து, எளிய எழுத்துக்கோப்பு ஒன்றில் ஒட்டிப் பார்த்தோம். இடப்பத்தியின் வரியும் வலப்பத்தியின் வரியும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வந்தன. பயிற்சிக் காலத்தின் நடுவே “தமிழ், ஆங்கிலம்” என்று நின்றது. நட்சத்திரங்கள் பொருளற்ற குறிகளாயின. தொலைபேசி எண் வரவேயில்லை. படத்தினுள் இருப்பது எழுத்தாகாது அன்றோ!

அன்று மாலையே ஒரே பத்தியில், எளிய தலைப்புக்களுடன் அக்குறிப்பை மாற்றி எழுதினோம். பின்னர் அவள் நான்கு இடங்களுக்கு அனுப்பினாள். ஓரிடத்திலிருந்து நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. திருத்தம் ஒன்றே அதற்குக் காரணம் என்று அறுதியிட்டுக் கூறவியலாது. ஆனால் தொலைபேசி எண் கிட்டாத ஒருவரை எவரும் தொலைபேசியில் அழைக்கவியலாது என்பது உறுதி.

சொல்லும் பொருளும்

ஒரே தொழிலுக்குப் பல பெயர்கள் வழங்குவதும், நெருங்கிய பெயர்கள் வெவ்வேறு தொழில்களைக் குறிப்பதும் இயல்பு. இக்குழப்பத்தை நீக்கவே மத்திய அரசு தேசியத் தொழில் வகைப்பாட்டை 1958-ஆம் ஆண்டிலேயே வெளியிட்டது. 2015-ஆம் ஆண்டின் வகைப்பாட்டில் ஒவ்வொரு தொழிலுக்கும் எட்டிலக்கக் குறியெண் உண்டு. எலக்ட்ரீசியனும் வயர்மேனும் ஒன்றல்ல. தொழிற்பயிற்சி நிலையங்களில் இரண்டும் தனித்தனிப் பிரிவுகளாகவே கற்பிக்கப்பெறுகின்றன.

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் நான் நாள்தோறும் உணர்வது ஒன்றுண்டு: எழுதுபவர் அறிந்த சொல்லைக் காட்டிலும் படிப்பவர் தேடும் சொல்லே பயன் தருவது. விளம்பரத்தில் “மோட்டார் வைண்டிங்” என்றிருக்கையில், குறிப்பில் “மின்கருவிகளைச் சீர் செய்வேன்” என்று மட்டும் இருந்தால், படிக்கும் மனிதர் ஊகித்துக்கொள்வார். எளிய வகை மென்பொருளோ ஊகிப்பதில்லை. புதிய மென்பொருள்கள் பொருளொத்த சொற்களை ஓரளவு இனங்காண்கின்றன. எனினும், நம் விண்ணப்பம் எவ்வகை மென்பொருளிடம் செல்லும் என்பதை நாம் முன்கூட்டி அறிவதில்லை. ஆதலின் விளம்பரத்தில் உள்ள சொல்லையே, அது நமக்கு உண்மையாகப் பொருந்துமாயின், எழுதுவதே பாதுகாப்பு.

“கடின உழைப்பாளி”, “ஆர்வம் மிக்கவர்” போன்ற தொடர்களால் பயனில்லை. “நூற்பாலையில் ஓராண்டு மூன்று-நிலை மோட்டார்களைப் பழுது பார்த்தேன், கட்டுப்பாட்டுப் பலகைகளுக்குக் கம்பியிணைப்புச் செய்தேன்” என்று எழுதினால், இயந்திரத்திற்குச் சொல் கிடைக்கிறது, மனிதருக்குச் சான்று கிடைக்கிறது.

கவனிக்க வேண்டியவை

1. ஒரே பத்தியில் எழுதுக. அட்டவணை, எழுத்துப்பெட்டி, படம் ஆகியவற்றைத் தவிர்க்க. பெயரையும் தொடர்பு விவரங்களையும் பக்கத்தின் மேலோரக் குறிப்பில் இடாமல், உடற்பகுதியின் முதல் வரிகளில் இடுக.

2. கல்வி, அனுபவம், திறன்கள், சான்றிதழ்கள் என வழக்கமான தலைப்புக்களையே அமைக்க.

3. தேதிகளை மாதமும் ஆண்டுமாக, எங்கும் ஒரே முறையில் எழுதுக.

4. சுருக்கப் பெயரையும் விரிந்த பெயரையும் ஒருமுறையேனும் சேர்த்தெழுதுக. அலுவலர் எதைக்கொண்டு தேடுவார் என்பது நமக்குத் தெரியாது.

5. குறிப்பு பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே கேட்கப்படுவதால், தொழிற்பெயர்களின் எழுத்துக்கூட்டலை மற்றொருவரைக்கொண்டு சரிபார்க்க.

6. தலையெழுத்துடன் வழங்கும் நம் பெயர்முறை, முதற்பெயர், கடைசிப்பெயர் என்று கேட்கும் படிவங்களில் இடர் தருவது. பள்ளிச் சான்றிதழில் உள்ளவாறு, எல்லா ஆவணங்களிலும் ஒரே வடிவத்தைக் கையாள்க.

7. தமிழில் எழுத நேரின் யூனிகோடு எழுத்தையே பயன்படுத்துக. பழைய எழுத்துரு சிலவற்றில் திரையில் தமிழாகத் தோன்றுபவை, கணிப்பொறிக்குப் பொருளற்ற ரோமன் எழுத்துக்களேயாகும்.

8. கோப்பின் வகையைப் பற்றி விளம்பரம் கூறுவதை அப்படியே பின்பற்றுக. சான்றிதழைப் புகைப்படம் எடுப்பதுபோல் குறிப்பையும் படமாக எடுத்து அனுப்பற்க.

இவை யாவும் நிறைவேறியதா என்று சோதிக்க மேலே கூறிய வழியே போதும்: நகலெடுத்து, எளிய எழுத்துக்கோப்பில் ஒட்டி, உரக்கப் படித்துப் பார்க்க வேண்டும். வரிசை கெடாமல் பொருள் விளங்கினால், இயந்திரத்திற்கும் பெரும்பாலும் விளங்கும்.

சூழ்ச்சி உதவாது

விளம்பரத்தின் சொற்களையெல்லாம் வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தாக மறைத்து வைத்தால் மென்பொருளை ஏமாற்றலாம் என்று சிலர் போதிக்கின்றனர். எழுத்துக்களைப் பிரித்தெடுக்கையில் நிறம் உதிர்ந்துவிடுவதால், மறைத்தவை அலுவலரின் திரையில் வெளிப்படையாகவே நிற்கக்கூடும். மேலும், குறிப்பில் கூறியதை நேர்முகத் தேர்வில் கையால் செய்து காட்டவேண்டி வரும். கற்காத திறனை எழுதுவது தன் காலடியில் தானே குழி பறிப்பதாகும்.

இயந்திரமும் பிழை செய்யும்

குறை எப்போதும் விண்ணப்பதாரரிடமே இருப்பதாகக் கொள்ளலாகாது. ஹார்வர்டு வணிகப் பள்ளியும் ஆக்சென்சர் ஸ்தாபனமும் 2021-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி ஆகிய நாடுகளின் நிர்வாகிகள் வினவப்பட்டனர். விளம்பரத்தின் நிபந்தனைகளோடு அச்சொட்டாகப் பொருந்தாத காரணத்தால், உயர்திறன் உடைய தகுதியாளரும் வடிகட்டப்படுகின்றனர் என்பதை 88 சதவீதத்தினர் ஒப்புக்கொண்டனர். நோயுற்றோ, குழந்தை பெற்றோ, முதியோரைப் பேணியோ சில மாதங்கள் பணியிலிருந்து விலகியிருந்தவர்களும் இடைவெளி என்ற ஒரே காரணத்தால் விலக்கப்படுவதை அவ்வாய்வு எடுத்துக்காட்டியது. அத்தகைய இடைவெளி இருப்பின் அதற்குரிய காரணத்தை ஒரு வரியில் தெளிவாக எழுதிவிடுவது நன்று.

அமேசான் ஸ்தாபனம் பரிசோதனையாக அமைத்துப் பார்த்த ஒரு மென்பொருள், பெண்களைக் குறிக்கும் சொல் வரும் விண்ணப்பங்களுக்குக் குறைந்த மதிப்பளித்தது என்ற செய்தி 2018-இல் வெளியாயிற்று. பெரும்பாலும் ஆண்களிடமிருந்து வந்திருந்த பழைய விண்ணப்பங்களைக்கொண்டு அதற்குப் பயிற்சி அளித்ததே காரணம். அம்முயற்சி கைவிடப்பட்டது. இத்தகைய கருவிகளைப் பயன்படுத்துவோர் பாரபட்சச் சோதனை நடத்தவேண்டும் என்னும் சட்டம் நியூயார்க் நகரில் 2023 ஜூலை முதல் அமலாக்கப்படுகிறது. நேற்றைய வழக்கத்தைக் கற்ற இயந்திரம் நேற்றைய அநீதியையும் கற்றுக்கொள்கிறது.

ஆசிரியரின் பங்கு

ஆகவே, மறுமொழி வராமையைத் தகுதியின்மையாகக் கருதலாகாது என்பதை மாணவர்க்கு முதலில் உணர்த்தவேண்டும். இறுதியாண்டு மாணவர்களைக்கொண்டு ஒரு பிற்பகலில் நகலெடுத்து ஒட்டும் சோதனையைச் செய்து காட்டலாம். அதற்குச் செலவு ஏதுமில்லை. ஒரு கணிப்பொறி போதும். ஒருவர் குறிப்பை மற்றொருவர் உரக்கப் படித்தால், குறைகள் தாமே வெளிப்படும். இரண்டாண்டு உழைத்துக் கற்ற தொழில், ஒரு பக்கத்தின் அமைப்புக் குறையால் எவர் கண்ணிலும் படாமற் போதல் ஆகாது. அந்த ஒரு பக்கத்தைத் திருத்துவதும் நம் கற்பித்தற் பணியின் ஒரு பகுதியே.