கரை தந்த மருந்து

நெடுநாட் கடற்பிரயாணம் செய்தவர்கள், கரை கண்ணுக்குத் தெரிந்த முதற் கணத்தை எளிதில் மறப்பதில்லை. நீரையும் வானையுமே பார்த்துச் சலித்த கண்ணுக்கு, அடிவானிலே மங்கலாய் எழும் ஒரு மலைத்தொடர் பெருவிருந்தாகின்றது. இக்காலத்து உல்லாசக் கப்பலிற் செல்பவருக்குக் கரையிறங்குதல் என்பது காலாற நடப்பதற்கும் புதிய ஊரொன்றைப் பார்ப்பதற்கும் கிடைக்கும் வாய்ப்பு. ஆனால், பதினெட்டாம் நூற்றாண்டிற் பாய்க்கப்பலேறிய மாலுமிக்குக் கரை என்பது பொழுதுபோக்கன்று; அதுவே உயிர். ஒரு வாரம் முந்திக் கரையை அடைவதா, பிந்தி அடைவதா என்பதிலே பல பேருடைய வாழ்வும் சாவும் தங்கியிருந்தன.

1740ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலே, ஜோர்ஜ் அன்சன் என்னும் பிரித்தானியக் கடற்படைத் தலைவர், ஆறு போர்க்கப்பல்களோடும் இரண்டு சரக்குக் கப்பல்களோடும் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டார். தென் அமெரிக்காவின் தென்கோடியைச் சுற்றிப் பசிபிக் சமுத்திரத்துட் புகுந்து, ஆங்கே ஸ்பானியரைத் தாக்குவதே அவருக்கு இடப்பட்ட பணி. ஹோர்ன் முனையிலே வீசிய புயல்கள் கப்பல்களைச் சிதறடித்தன. ஆயினும், புயலினுங் கொடிய பகை கப்பலுக்குள்ளேயே இருந்தது. ஸ்கேர்வி என்னும் நோயே அது.

இந்நோய் கண்டவரின் ஈறுகள் வீங்கி இரத்தம் கசியும், பற்கள் ஆட்டங்காணும், தோலிலே கருநீலத் திட்டுகள் படரும், எழுந்து நிற்கவும் இயலாத சோர்வு உண்டாகும். சென்ரூரியன் என்ற தலைமைக் கப்பலிலே முதிய வீரர் ஒருவர் இருந்தார். ஐம்பது ஆண்டுகளுக்கு முன், 1690இல் நடந்த போயின் போரிலே அவர் பட்ட காயங்கள் என்றோ ஆறித் தழும்பாகியிருந்தன. ஸ்கேர்வி பற்றியதும் அத்தழும்புகள் மீண்டும் வாய்திறந்தன. பொருந்தியிருந்த எலும்பும் விலகியது.

சிலி நாட்டுக்கு மேற்கே கடல் நடுவேயுள்ள ஜுவான் பெர்னாண்டஸ் தீவே அன்சனின் ஒரே நம்பிக்கை. அக்காலத்திலே கடலில் கிழக்கு மேற்காகத் தாம் நிற்கும் இடத்தைத் திட்டமாக அறியும் வழி இருக்கவில்லை. தீவை நெருங்கியிருந்தும் அதை உணராது, கப்பலைக் கிழக்கே செலுத்தினர். சிலியின் பனிமலைகள் தென்பட்ட பின்னரே பிழையை அறிந்து, மறுபடி மேற்கே திரும்பினர். இத்தவறினால் வீணான நாட்களிலே எழுபதுக்கும் எண்பதுக்கும் இடைப்பட்டோர் மாண்டனர்.

1741 யூன் மாதத்திலே சென்ரூரியன் தீவை அடைந்தது. நோயாளிகளைத் தொங்குபடுக்கைகளோடு படகுகளில் இறக்கி, கல் நிறைந்த கரை வழியே சுமந்து செல்லவேண்டியிருந்தது. சுமப்பதற்கு ஆள் போதாமையால் அன்சன் தாமும் தோள் கொடுத்தார். 167 நோயாளிகள் கரை சேர்க்கப்பட்டனர். கரைக்கு வரும் வழியிற் படகுகளிலேயே ஏறக்குறையப் பன்னிருவர் இறந்தனர். புதிய காற்றுப் பட்டதே அதற்குக் காரணமென்று உடனிருந்தோர் கருதினர். உண்மையில், நோயால் நலிந்த இதயத்துக்கு உடலை அசைத்தலே தாங்கமுடியாத சுமையாயிற்று. கரையேறிய பின்னும் முதற் பத்துப் பன்னிரண்டு நாட்களிலே, நாளொன்றுக்கு ஆறு பேருக்குக் குறையாமற் புதைக்க நேர்ந்தது. குளொஸ்ரர் என்ற மற்றொரு கப்பலோ, தீவைக் கண்ணாற் கண்டும் எதிர்க்காற்றினால் அணுக முடியாது, ஏறக்குறைய ஒரு மாதம் கடலிலே தத்தளித்தது.

ஆயினும், சாவு மெல்ல மெல்லக் குறைந்து, ஏறத்தாழ இருபது நாட்களின் பின் நோயாளிகள் தேறத் தொடங்கினர். கரையிலே அவர்களைக் குணப்படுத்தியது எது? நிலத்துக் காற்று என்றனர் சிலர்; மண்ணின் ஆவி என்றனர் வேறு சிலர். நோயாளியைக் கழுத்தளவு மண்ணிலே புதைத்துவைக்கும் சிகிச்சையும் அந்நாளில் உண்டு. உண்மையான மருந்தோ அவர்களுடைய காலடியிலே முளைத்திருந்தது. அத்தீவிலே நீரோடைக் கீரையும், பருப்புக்கீரையும், புளிப்புக் கீரையும், முள்ளங்கியும் ஏராளமாய் வளர்ந்திருந்தன. உப்பிட்ட இறைச்சியும் காய்ந்த பிஸ்கற்றும் தின்று நாவிறந்தவர்கள், அவற்றை ஆவலோடு உண்டனர். அன்சன், பின்வரும் கப்பலோருக்கு உதவுமென்று கீரை விதைகளை அங்கே விதைத்தும் வைத்தார்.

உதவி எல்லோருக்கும் வேளைக்குக் கிட்டவில்லை. சென்ரூரியன், குளொஸ்ரர், ரையல் ஆகிய மூன்று கப்பல்களிலும் இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டோர் 961 பேர். தீவை விட்டு நீங்குங் காலத்திலே அவர்களுள் 626 பேர் இறந்திருந்தனர்.

1747ஆம் ஆண்டிலே ஜேம்ஸ் லிண்ட் என்னும் கடற்படை வைத்தியர், ஸ்கேர்வி கண்ட பன்னிருவரை இருவர் இருவராகப் பிரித்தார். எல்லோருக்கும் ஒரே உணவைக் கொடுத்து, மருந்தை மட்டும் மாற்றினார். சிலர் வினாகிரி பெற்றனர். சிலர் கடல்நீர் பெற்றனர். தோடம்பழமும் எலுமிச்சம்பழமும் பெற்ற இருவரே விரைவிற் குணமடைந்தனர். அவர்களுள் ஒருவர் ஆறாம் நாளிலேயே வேலைக்குத் தகுதியானார். 1753இல் லிண்ட் தமது நூலை வெளியிட்டு, அதை அன்சனுக்கே சமர்ப்பித்தார். ஆனால், கெடாமல் வைத்திருக்கவென்று அவர் சாற்றைக் காய்ச்சி இறுக்கச் சொன்னார். அச்சூட்டிலே மருந்துச் சத்தின் பெரும்பகுதி அழிந்தது. பிரித்தானியக் கடற்படை எலுமிச்சஞ் சாற்றைத் தன் மாலுமிகளுக்கு முறையாக வழங்கத் தொடங்கியது 1795இலேதான். அதற்கு முந்திய ஆண்டிலேயே லிண்ட் காலமாகிவிட்டார்.

இச்சத்தே இன்று விற்றமின் சி எனப்படுவது. 1928இல் இதனைப் பிரித்தெடுத்த ஹங்கேரிய விஞ்ஞானி அல்பேட் சென்ற்-ஜியோர்ஜி, 1937இல் நோபல் பரிசு பெற்றார். நம் உடலின் தசைகளையும் எலும்புகளையும் இணைத்துப் பிடிக்கும் நார்ப்பொருள் உருவாவதற்கு இந்த விற்றமின் இன்றியமையாதது. ஆறிய தழும்பிலும் அந்நார்ப்பொருள் ஓயாது புதுப்பிக்கப்படுகின்றது. புதுப்பித்தல் நின்றால் தழும்பு பிரியும். முதிய வீரரின் பழங் காயங்கள் திறந்த மர்மம் இதுவே. பெரும்பாலான விலங்குகள் இச்சத்தைத் தம் உடலிலேயே ஆக்கிக்கொள்ளும். மனிதனால் அது இயலாது. மாலுமிகள் மடிந்த அதே கப்பலிலே எலிகளுக்கு ஸ்கேர்வி வரவில்லை.

கரையின் காற்றிலோ மண்ணிலோ மந்திரம் எதுவும் இருக்கவில்லை. கரையிலிருந்த பசுமையைக் கப்பலுக்குள் கொண்டுசெல்ல மனிதன் கற்றுக்கொண்ட அன்றே, கரைக்கும் உயிருக்கும் இருந்த அந்தக் கொடிய பிணைப்பு அறுந்தது. ஆயினும், கடலை ஒருநாளும் காணாதவரிடத்தும், பழமும் காய்கறியும் நெடுநாள் கிட்டாத இடத்து ஸ்கேர்வி இன்றும் தலைகாட்டுகின்றது. கப்பலின் உணவு மேசையிலே தோடம்பழத்தை உரித்துத் தின்றபடி கரை வரும் நேரத்தைக் கேட்கும் பிரயாணி, அப்பழம் அங்கே வருவதற்கு எத்தனை பேர் உயிரை விலையாகக் கொடுத்தனர் என்பதை நினைப்பதில்லை. அவர் அதை நினையாமலே சுகமாகக் கரையிறங்க முடிவதுதான், அந்த அறிவு மனித குலத்துக்கு ஈட்டித்தந்த பேறு.