கடதாசி தொலைந்தாலும் குடியுரிமை தொலையாது

1958, 1977, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து, காடு வெட்டிக் கமம் செய்த எம்மக்கள் பலர் யுத்தத்தால் மீண்டும் இடம்பெயர்ந்தனர். வீட்டோடு அடையாள அட்டையும் பிறப்புப் பத்திரமும் போயின. ‘நீங்கள் எந்த நாட்டவர்?’ என்று கேட்டால் எதைக் காட்டுவது?

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்வோம். குடியுரிமையைத் தருவது சட்டம். கடதாசி அதற்குச் சாட்சி மாத்திரமே. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் முன்னோர் இங்கு பிறந்ததற்கு ஆதாரம் கேட்டது. அது இல்லாத தோட்ட மக்கள் நாடற்றோராயினர். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் இதை மாற்றியது. 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு நிரந்தரமாக வாழ்ந்துவரும் இந்திய வம்சாவளியினரும், இங்கு வசிக்கும் அவர்தம் சந்ததியினரும் அதன்படி பிரசாவுரிமைக்கு உரித்துடையோர்.

ஆகவே பெற்றோரும் பாட்டன் பாட்டியும் இங்கு வாழ்ந்த தடத்தையே நாம் தேட வேண்டும். பிறப்புப் பதிவின் பிரதியைப் பிரதேச செயலகத்திற் கேளுங்கள். பதிவு அகப்படாவிட்டால் உத்தேச வயதுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். தோட்டப் பதிவேடு, சேமலாப நிதிக் கணக்கு, பாடசாலைச் சேர்விடாப்பு, பழைய வாக்காளர் இடாப்பு, ஆலய ஞானஸ்நான ஏடு ஆகியவையும் துணை நிற்கும். கிடைத்தவற்றுடன் கிராம அலுவலரிடம் செல்லுங்கள். மூலப்பத்திரத்தைக் காட்டி, பிரதியை மட்டும் கொடுங்கள்.

வீட்டிலுள்ள முதியோரிடம் தோட்டத்தின் பெயர், டிவிசன், லயம் ஆகியவற்றை இன்றே கேட்டு எழுதி வைப்போம். அவர்கள் நினைவே எமது முதற் பத்திரம்.